ஆதாரக் கண்

எங்கள் ஊரில் யாருக்கு என்ன நோய் வந்தாலும் காரணத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. வாசலுக்கு வந்து தலையை நிமிர்த்தினால் போதும். நூறு வருஷத்துக்கு மேல் தங்கம் அரைத்து எடுத்துவிட்டு கம்பெனி விட்டுப் போன சக்கை, சாம்பல் நிறத்தில் குன்று குன்றாக நிற்கும். தங்கம் பிரிக்கச் சயனைடு சேர்த்த சக்கை என்பதால் சைனைட் மேடு என்போம். ஆடிக் காற்றில் அந்தத் தூசி சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான எங்கள் நந்திதுர்க் லைன் வீடுகள் எல்லாவற்றிலும் பாரபட்சம் இல்லாமல் விழும். சோற்றில், துணியில், சாமி படத்தில். இருமினால் தூசி, சொறிந்தால் தூசி. பிள்ளை கணக்குப் பரீட்சையில் கோட்டை விட்டதற்கும் தூசிதான் காரணம் என்று சொன்ன தாய்மார்கள் இருக்கிறார்கள்.

ஆகவே போன மார்ச் மாதம் என் இடது புருவத்தின் வெளிக்கோடியில் வலி வந்து, மேல் இமை ஓரமாக வீங்கத் தொடங்கியபோது ஊருக்கு ஒரு குழப்பமும் இல்லை. எனக்கும் இல்லை. நான் பாக்கியவதி. பெங்களூரில் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் செக்கிங் பிரிவு. விடியலில் மாரிகுப்பத்தில் ரயில் ஏறிப் போய், அடுத்தவர் தைத்த சட்டையில் குற்றம் கண்டுபிடித்துவிட்டுத் திரும்புகிறவள். சின்னக் குற்றம் என்றால் ஆல்ட்டர் கூடை, தேறாது என்றால் ரிஜெக்ட் கூடை. பதினேழு வருஷமாக இதே வேலை. வீட்டிலும் உனக்கு அதே புத்திதான் என்று என் வீட்டுக்காரர் மனோகர் சொல்வார். சொல்லட்டும், அவர் எந்தக் கூடை என்று நான் இன்னும் சொல்லவில்லை.

மெடிக்கல் ஷாப்பில் சொட்டு மருந்து கொடுத்தார்கள். அது முடிந்ததும் வேறு நிறத்தில் இன்னொரு சொட்டு மருந்து. எங்கள் ரயிலின் பெண்கள் பெட்டியோ ஒரு மருத்துவக் கல்லூரி. ஒருத்தி நந்தியாவட்டைப் பூவை ஒற்றச் சொன்னாள். ஒருத்தி தாய்ப்பால் என்றாள். நாற்பத்துநாலு வயதில் தாய்ப்பாலுக்கு நான் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது? பங்காருபேட்டையில் ஏறும் கங்கம்மா மட்டும் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இன்னா பாக்கியா, கண்ணு ஒரு பக்கமா எறங்கிகினு போவுதே, டாக்டராண்ட போ" என்றாள். அவள் எட்டாவது வரை படித்தவள். அந்தக் கல்லூரியில் அவள் பேச்சு எடுபடவில்லை.

ஜூன் மாதம் ஒரு நாள், காலருக்குக் கீழே ரெண்டு பட்டன்களை நெருக்கித் தைத்த சட்டை ஒன்று வந்தது. ரிஜெக்டில் போட்டேன். அடுத்ததிலும் ரெண்டு. தையல் பிரிவே குடித்துவிட்டு வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நாற்பது சட்டைகளைத் தள்ளிய பிறகு சூப்பர்வைசர் வந்து என் விரலைப் பிடித்துப் பட்டன் மேல் வைத்தார். ஒன்றுதான் இருந்தது. ஒரு கண்ணை மூடினால் ஒரு பட்டன், ரெண்டையும் திறந்தால் ரெண்டு பட்டன். அன்றைக்குக் கை கழுவும் இடத்துக் கண்ணாடியில் முகத்தை முதல் தடவையாக ஒரு சட்டையைப் பார்ப்பதுபோல் பார்த்தேன். இடது விழி கீழேயும் மூக்குப் பக்கமும் நகர்ந்து கொஞ்சம் வெளியே வந்திருந்தது. அந்தப் பக்கத்து நெற்றியைத் தொட்டால் தொட்டது தெரியவில்லை.

ஒரு ஆஸ்பத்திரி இன்னொன்றுக்கு அனுப்ப, அது வேறொன்றுக்கு அனுப்ப, கடைசியில் டாக்டர் சுமாவிடம் போய்ச் சேர்ந்தோம். நானும் என் மகள் பவ்யாவும். பவ்யா டிகிரி இரண்டாம் வருஷம். டாக்டர் கோலார் பக்கத்துக்காரர். கன்னடம் கலந்த தமிழில் பேசினார். ஸ்கேன் எடுத்து, ஒரு சின்னத் துண்டைச் சோதனைக்கு அனுப்பி, பத்து நாள் கழித்து உட்கார வைத்துச் சொன்னார்.

"கண்ணு தப்பு பண்ணலைம்மா. அதுக்கு மேல, புருவ எலும்புக்கு உள்பக்கம், பாதாம் பருப்பு சைஸ்ல கண்ணீர்ச் சுரப்பி இருக்கு. அதுல வந்திருக்கு. கேன்சர்தான். ரொம்ப ரொம்ப அபூர்வமானது."

அபூர்வம் என்றால் நகைக்கடையில் சொல்லும் சொல் என்று நினைத்திருந்தேன். டாக்டர் ஒளிக்காமல் சொல்கிற ரகம். இந்த இடத்தில் வருகிற கட்டிகள் எல்லாம் கேன்சர் இல்லையாம். வலிக்காமல் வருஷக்கணக்கில் மெதுவாக வளர்கிற சாதுவான கட்டிகளும் உண்டாம். சில மாதத்தில் வளர்ந்து, வலிக்கவும் வலித்து, மரத்தும் போனால் சந்தேகப்பட வேண்டும். என்னுடையதற்குப் பெயர் அடினாய்ட் சிஸ்டிக் கார்சினோமா. நரம்பைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து போகிற குணம் அதற்கு. வலியும் அதனால்தான்.

"இப்போ எலும்பு கெடலை. கட்டியை முழுசா எடுத்துட்டு, கண்ணை வெச்சுக்கலாம். அப்புறம் ரேடியேஷன். கண்ணு வறண்டு போகும், ஆயுசுக்கும் சொட்டு மருந்து விடணும், பார்வை மங்கலாம். ஆனா கண்ணு இருக்கும். லேட் பண்ணா, கண்ணு, இமை எல்லாம் சேர்த்து எடுக்க வேண்டி வரலாம்."

எனக்குப் புரிந்தது. முதலாவது ஆல்ட்டர், இரண்டாவது ரிஜெக்ட்.

"எடுத்துட்டா செரியாயிடுமா டாக்டர்?" என்று கேட்டேன்.

"நிறைய பேர் நல்லா இருக்காங்க. ஆனா இது மறக்காத வியாதி. அஞ்சு வருஷம் சும்மா இருந்துட்டு பத்தாம் வருஷம் திரும்பி வரும். சில பேருக்கு நுரையீரல்ல வரும். அதனால ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வரணும். பதினைஞ்சு வருஷம் ஆனாலும் விடக் கூடாது."

"தூசியால வந்திருக்குமா?" என்று பவ்யா கேட்டாள். எங்கள் ஊர்ப் பிள்ளை கேட்காமல் இருக்குமா?

"எதனால வருதுன்னு யாருக்கும் தெரியாது. தூசின்னு சொல்ல ஒரு ஆதாரமும் இல்லை" என்றார் டாக்டர். ஜூலை எட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, ஆபரேஷன் என்று எழுதிக் கொடுத்தார்.

இங்கே என் மாமனாரைச் சொல்ல வேண்டும். ஏகநாதன், வயது எழுபத்துநாலு. சேம்பியன் ரீஃப் சுரங்கத்தில் முப்பது வருஷம் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்கி ஏறியவர். கம்பெனி மூடிய பிறகும் அவர் ஷிப்ட் முடியவில்லை. 'தூசியால் பாதிக்கப்பட்டோர் போராட்டக் குழு' என்று ஒன்றை நடத்துகிறார். அவர் தலைவர், அவர் மகன் மனோகர் செயலாளர், உறுப்பினர்கள் ஐந்து பேர். அதில் மூன்று பேர் போராட்டத்துக்கு வருவார்கள், ரெண்டு பேர் டீக்கு வருவார்கள். குழுவுக்கென்று ஒரு மனுத்தாள் இருக்கிறது. மாமாவே கோடு போட்டுத் தயாரித்து ஜெராக்ஸ் எடுத்தது. மனுதாரர், எதிர்மனுதாரர், பாதிப்பு, காரணம், ஆதாரம், வேண்டுகோள் என்று ஆறு கட்டம். பீரோவில் என் பட்டுப்புடவைக்கு இல்லாத இடம் அந்தத் தாள்களுக்கு உண்டு.

சிரிக்கிறேனே தவிர, அவர் கதை சிரிப்பதற்கானது இல்லை. அவருடைய அண்ணனும் சுரங்கத்தில்தான் இருந்தார். கல் தூசி நுரையீரலில் கட்டிப்போய்ச் செத்தார். தூசி இல்லை, டி.பி. என்று யாரோ ஒரு டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். நஷ்டஈடு கேட்டு மாமா மனு மேல் மனு போட்டு, ஒரு வழியாக விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். அண்ணனை அடக்கம் பண்ணி மூன்று மாதம் ஆகியிருந்தது. அதிகாரி ஃபைலைத் திறந்து, "ஆள் எங்கே?" என்று கேட்டாராம். ஆள் இல்லை என்றதும் ஃபைலை மூடினாராம். நாற்பது வருஷமாக அந்த ரெண்டு வார்த்தை மாமாவின் காதில் ஒலித்துக்கொண்டே இருக்கிறது.

நாங்கள் ரிப்போர்ட்டோடு வந்த அன்று சாயங்காலம் எல்லாரையும் உட்கார வைத்து பவ்யா விஷயத்தைச் சொன்னாள். மாமா கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் "எம் மருமவளுக்கா?" என்றார். நிஜமாகவே அழுதார். அதையும் சொல்லிவிட வேண்டும்.

அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எத்தன பேருக்கு வருமாம் இது?" என்று கேட்டார்.

"பத்து லட்சம் பேர்ல வருஷத்துக்கு ஒருத்தருக்குக்கூட வராதாம் தாத்தா" என்றாள் பவ்யா.

"பத்து லட்சத்துல ஒருத்தருக்கு! அந்த ஒருத்தர் இன்னாத்துக்கு சைனைட் மேட்டுக்கு நேர் எதுர்ல குடியிருக்கணும்?"

"எங்கியாவது குடியிருந்துதானே ஆகணும் தாத்தா?"

"இவ படிக்கிறதுக்கு பஸ் பாஸ் வேற" என்றார் மாமா.

அப்புறம் அவர் என் பக்கம் திரும்பினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். பதினாறாம் தேதி பெங்களூரிலிருந்து அதிகாரிகள் தூசி மேட்டைப் பார்வையிட வருகிறார்கள். ஏழு வருஷம் மனுப் போட்டதற்குக் கிடைத்த முதல் பலன். இருமுகிறவர்களைக் காட்டினால் பீடி என்பார்கள். சொறிகிறவர்களைக் காட்டினால் சோப்பு என்பார்கள். இப்படி ஒரு கண்ணைக் காட்டினால் என்ன சொல்வார்கள்?

"எட்டே நாளும்மா. எட்டு நாள் தள்ளி வெச்சுக்கலாம்னு சொல்லு. ஆபரேசன் பண்ணிட்டா கண்ணு நல்லாயிடும். அப்புறம் இன்னாத்தக் காட்றது? ஆள் எங்கேம்பான், ஃபைல மூடிடுவான்."

செயலாளர் மனோகர் தரையைப் பார்த்துக்கொண்டு, "நைனா சொல்றதுலயும் ஒரு இது கீது" என்றார். என்ன 'இது' என்று சொல்லவில்லை. இருபத்துமூன்று வருஷமாக அந்த 'இது' என்னவென்று நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

பவ்யா எழுந்து நின்று கத்தினாள். "அம்மா இன்னா எக்ஸிபிஷனா? டாக்டர் டேட் கொட்த்துட்டாங்க. சும்னே ஆடாதீங்க எல்லாரும்!"

இந்த இடத்தில் நான் மாமா மேலும் மனோகர் மேலும் பழியைப் போட்டுவிட்டுப் போய்விடலாம். கேட்கிறவர்களிடம் எல்லாம் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். ஆனால் செக்கிங்காரிக்குத் தன் சட்டைக் குற்றம் தெரியாமல் இருக்காது. எட்டு நாள் என்று மாமா சொன்னவுடன் எனக்கு நெஞ்சில் ஒரு நிம்மதி இறங்கியது. எனக்குப் பயம். கண்ணுக்குப் பக்கத்தில் எலும்பைத் திறப்பார்கள் என்று நினைத்தாலே ரயிலில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். ஒத்திப்போடு என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்தேன். ஒரு போராட்டக் குழுவே வந்து சொன்னது. டாக்டருக்குப் போன் போட்டு, வீட்டில் விசேஷம் என்று பொய் சொன்னேன்.

"ஒரு வாரம். அதுக்கு மேல வேண்டாம்" என்றார் அவர்.

பிறகு ஃப்ளெக்ஸ் அடித்தார்கள். ஃப்ளெக்ஸ் இல்லாமல் எங்கள் ஊரில் காது குத்துகூட நடக்காது. என் முகத்தை மாமா ரெண்டு ஆள் உயரத்துக்கு அடிக்கச் சொன்னார். கடைக்கார உதய் நல்ல பையன், தொழில் பக்தி உள்ளவன். கல்யாண ஃப்ளெக்ஸ் அடித்துப் பழகியவன். என் படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டு, வீக்கத்தை வழித்து, விழியை இருந்த இடத்துக்கு நகர்த்தி, முகத்துக்கு ரோஸ் நிறம் பூசி, பின்னால் ஒரு நீர்வீழ்ச்சியும் வைத்துவிட்டான். 'தூசியால் பாதிக்கப்பட்ட பாக்கியவதி' என்று கீழே எழுதியிருந்தது. இந்தத் தூசி எங்கே கிடைக்கும் என்று நாலு பெண்கள் விசாரித்திருப்பார்கள்.

"இன்னாடா பண்ணி வெச்சிகீற?" என்று மாமா தலையில் அடித்துக்கொண்டார்.

"அக்கா மூஞ்சி கொஞ்சம் கோணலா இருந்துச்சு தாத்தா, செரி பண்ணேன்" என்றான் உதய். டாக்டர் சுமா ஐந்து மணி நேரத்தில் செய்ய இருந்ததை அவன் ஐந்து நிமிஷத்தில் செய்திருந்தான். மறுபடியும் கோணலாக அடிக்கச் சொன்னார்கள். அவனுக்கு மனசே இல்லை.

பதினாறாம் தேதி அதிகாரிகள் வரவில்லை. மேலிடத்தில் மீட்டிங்காம். முப்பதாம் தேதி என்றார்கள். முப்பதாம் தேதி மழை. தூசியை அளக்க வருகிறவர்களுக்கு மழை ஆகாதாம். ஆகஸ்ட் பத்தொன்பது என்றார்கள். ஒவ்வொரு தடவையும் மாமா என் முன்னால் வந்து நிற்பார். நான் செரி மாமா என்பேன். டாக்டரிடம் ஒரு பொய் சொல்வேன். மூன்றாவது பொய்க்கு அவர் போனிலேயே கோபப்பட்டார். "உங்க வீட்ல எவ்வளவு விசேஷம்மா!" என்றார். வலி காதுக்கும் கன்னத்துக்கும் இறங்கியிருந்தது. ஒரு பக்கமாகப் படுத்துத்தான் தூங்க முடிந்தது. குற்றம் வளர்கிறது என்று எனக்குத் தெரிந்தது. கூடையில் எடுத்துப் போடத்தான் கை வரவில்லை.

ஒருவழியாக ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதி பதினோரு மணிக்கு ரெண்டு கார் வந்தது. என்னை மேட்டுக்கு எதிரே ஒரு நாற்காலியில், வெயிலில், ஃப்ளெக்ஸுக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்கள். அசலும் நகலும் ஒரே இடத்தில். இறங்கிய அதிகாரி ஒரு பெண். என் பவ்யாவை விட ஏழெட்டு வயது கூட இருக்கும். மாஸ்க் போட்டுக்கொண்டு, கூட வந்தவர்கள் மேட்டின் உயரத்தை அளந்து எழுதுவதைப் பார்த்தார். மாமா வெள்ளைச் சட்டையில், நாற்பது வருஷமாக மனப்பாடம் செய்த பேச்சோடு, அவரை என் முன்னால் கூட்டி வந்தார். "ஆள் இருக்குதும்மா. இதோ ஆள்" என்றார்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். மாஸ்க்கைக் கழற்றினார். "ஏனாயிதம்மா? டாக்டர்கே தோரிசிதிரா?" என்றார். என்ன ஆயிற்று, டாக்டரிடம் காட்டினீர்களா என்கிறார்.

காட்டினேன், ஆபரேஷன் தேதி கொடுத்திருந்தார்கள் என்று கன்னடத்தில் சொன்னேன்.

"எப்போ?"

"ஜூலை எட்டு."

அவர் தன் செல்போனில் தேதியைப் பார்த்தார். பிறகு என்னை, பிறகு ஃப்ளெக்ஸை, பிறகு மாமாவை. "அப்புறம் இங்கே ஏன் உட்கார்ந்திருக்கீங்க?" என்று கேட்டார். ஏழு வருஷம் மனுப் போட்டு, ஆறு வாரம் ஒரு கண்ணைப் பத்திரப்படுத்தி வைத்து, அரசாங்கத்திடமிருந்து நாங்கள் பெற்ற ஒரே கேள்வி அதுதான். நல்ல கேள்வி. தாங்கள் வந்தது மேட்டின் அளவு எடுக்க மட்டும், நோய் வேறு இலாகா என்று சொல்லிவிட்டு, குழு வாங்கி வைத்திருந்த மோரைக்கூடக் குடிக்காமல் அவர் கிளம்பினார். போவதற்கு முன் தன் மாஸ்க் பாக்கெட்டிலிருந்து புது மாஸ்க் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார்.

மறுநாள் காலை முதல் ரயிலுக்குப் போனேன். யாரையும் கேட்கவில்லை. பவ்யா மட்டும் வந்தாள்.

டாக்டர் சுமா புது ஸ்கேனைப் பழைய ஸ்கேனுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். வெளிப்பக்க எலும்பு அரித்திருந்தது. நரம்போடு கட்டி உள்ளே, கண் குழியின் ஆழத்துக்குப் போயிருந்தது. கண்ணை வைத்துக்கொண்டு அதை முழுசாக எடுக்க வழியில்லை. கண், இமை, சுற்றிலும் உள்ள கொழுப்பு, அரித்த எலும்பு எல்லாம் போக வேண்டும். தொடையிலிருந்து தோல் எடுத்து மூடுவார்கள். பிறகு ஆறு வாரம் ரேடியேஷன். நுரையீரலில் ஒன்றும் இல்லை, அது நல்ல செய்தி என்றார். அந்த மாதத்தில் எனக்கு வந்த ஒரே நல்ல செய்தி என்பதால் அதை ரெண்டு தடவை சொல்லச் சொன்னேன்.

ஆபரேஷன் நடந்தது. ரேடியேஷனும் முடிந்தது. இடது கண் இருந்த இடத்தில் இப்போது ஒரு துணி மூடி, அதன் மேல் கண்ணாடி. கண்ணீர்ச் சுரப்பி போய்விட்டதே, இனி அழ முடியுமா என்று கேட்காதவர் ரயிலில் இல்லை. முடியும். ஊரில் நடப்பதற்கெல்லாம் அழ ஒரு கண் தாராளமாகப் போதும். கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாது. டம்ளருக்கு என்று ஊற்றின காபி டம்ளருக்கு வெளியே விழும். முதல் வாரம் ரெண்டு தடவை கையைச் சுட்டுக்கொண்டேன்.

மூன்றாம் தடவை ஊற்றப்போனபோது டம்ளர் தானாக நகர்ந்து பாத்திரத்தின் மூக்குக்குக் கீழே வந்தது. மாமா பிடித்துக்கொண்டிருந்தார். நான் ஊற்றினேன். ஆபரேஷன் நாளிலிருந்து நான் அவரோடு பேசுவதை விட்டிருந்தேன். கோபம் என்றால் சாதாரணக் கோபம் இல்லை. அவர் இருமினாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஃப்ளெக்ஸை அவரே கழற்றிக் கொண்டுவந்து, சுருட்டி, எங்கே வைப்பது என்று தெரியாமல் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருந்தார். குழு கலைந்துவிட்டது. டீக்கு வருகிற ரெண்டு பேர் மட்டும் இன்னும் வருகிறார்கள்.

நவம்பரில் டாக்டரைப் பார்க்கப் போனபோது மாமாவும் கூட வந்தார். யாரும் கூப்பிடவில்லை. அறைக்குள் கதவோரமாக நின்றார். எல்லாம் முடிந்து நாங்கள் எழுந்தபோது, "டாக்டரம்மா, ஒண்ணு கேக்கணும்" என்றார். "அந்த ஆறு வாரம். அதனாலதான் கண்ணு போச்சா?"

டாக்டர் அவரைப் பார்த்தார். "சொல்ல முடியாதுங்க. முன்னாடியே உள்ளே போயிருக்கலாம், ஸ்கேன்ல தெரியாம இருந்திருக்கலாம். அந்த ஆறு வாரத்துலயும் போயிருக்கலாம். ஆதாரம் இல்லை."

"நான்தான் காரணம்னும் சொல்ல முடியாது, இல்லேன்னும் சொல்ல முடியாது. அப்படித்தானே?"

"அப்படித்தான்."

ஆயுள் முழுக்க ஆதாரம் ஆதாரம் என்று அலைந்த மனுஷன். அவருக்கு இதைவிடக் கடுமையான தீர்ப்பை எந்த ஜட்ஜும் எழுதியிருக்க முடியாது. ரயிலில் பங்காருபேட்டை வரைக்கும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு டீகூட வாங்கிக் குடிக்கவில்லை.

நாலு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். மாமா வந்து எதிரே தரையில் உட்கார்ந்து ஒரு தாளை நீட்டினார். குழுவின் மனுத்தாள். அவருக்குத் தெரிந்த ஒரே பாஷை அதுதானே. முறத்தை வைத்துவிட்டு, கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்துப் படித்தேன்.

மனுதாரர் என்ற கட்டத்தில் என் பெயர். எதிர்மனுதாரர்: ஏகநாதன், மாமனார், நந்திதுர்க் லைன். பாதிப்பு: இடது கண். காரணம்: எதிர்மனுதாரர் ஆபரேஷனைத் தள்ளிப்போடச் சொன்னது. ஆதாரம் என்ற கட்டத்தில் எதையோ எழுதி அடித்து, மறுபடி எழுதி அடித்து, கடைசியில் 'எதிர்மனுதாரர் ஒப்புக்கொள்கிறார்' என்று எழுதியிருந்தார். எழுத்து கோணிக்கொண்டு போயிருந்தது. வேண்டுகோள் கட்டம் காலியாக இருந்தது.

"அத்த நீதான் எழுதணும்" என்றார். "இன்னா வேணா எழுதும்மா. நான் ஊரவுட்டுப் போவணும்னா போறேன். மனு எழுதிப் பழக்கமே தவுர மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்ல."

தாளை மடியில் வைத்துக்கொண்டேன். கோபம் இருந்தது, போகவில்லை. இன்றைக்கும் முழுசாகப் போகவில்லை. ஆனால் எதிரே உட்கார்ந்திருந்தது நாற்பது வருஷமாக ஒருத்தராலும் பதில் சொல்லப்படாத மனுதாரர். அவர் மனுவை நானும் மூடி வைக்க முடியுமா?

பேனாவை வாங்கினேன். முதலில் எதிர்மனுதாரர் கட்டத்தில் அவர் பெயருக்குக் கீழே '2. பாக்கியவதி' என்று சேர்த்தேன். அவர் பதறிப்போய், "இன்னாம்மா இது?" என்றார்.

"டாக்டராண்ட பொய் சொன்னது நீங்களா மாமா? நானு. பயந்துகினு சொன்னேன். உங்க எட்டு நாள் எனக்கும் வேண்டியிருந்துச்சு."

அவர் ஏதோ சொல்ல வந்தார். நான் நிறுத்தச் சொல்லிவிட்டு வேண்டுகோள் கட்டத்தை நிரப்பினேன். இடம் போதாமல் தாளின் ஓரத்துக்கும் எழுத்து போனது. எழுதி முடித்து அவரிடம் கொடுத்தேன். அவர் எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தார்.

"மனுதாரருக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பெங்களூரில் ஸ்கேன். பதினைந்து வருஷம். ஒவ்வொரு தடவையும் முதல் எதிர்மனுதாரர் நேரில் ஆஜராக வேண்டும். ஆள் எங்கே என்று மனுதாரர் கேட்கும்படி வைக்கக் கூடாது."

கடைசி வரியில் அவர் குரல் நின்றது. விரல்விட்டு எண்ணினார். "பதினஞ்சு வருசமா? எனக்கு எம்பத்தொம்போது ஆயிடுமேம்மா" என்றார்.

"ஆவட்டும்" என்றேன். "எனக்கும் அம்பத்தொம்போது ஆவணும் இல்ல?"

அவர் என் முகத்தையே பார்த்தார். அப்புறம் தாளைத் தரையில் வைத்து, வழவழவென்று நீவி, கீழே கையெழுத்துப் போட்டார். தேதி போட்டார். பழக்கதோஷத்தில் மேலே வரிசை எண்ணும் போட்டார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்திருக்க முடியாமல் என் தோளைப் பிடித்து எழுந்தார்.

"அடுத்த ஸ்கேன் மே மாசம் எத்தனாந்தேதி?" என்று கேட்டார்.

"பன்னெண்டு."

"ஆறு மணி ரயிலா?"

"ஆமா மாமா. கூட்டமா இருக்கும், அஞ்சரைக்கே ரெடியாயிடுங்க."